"அடுத்தது பெத்துக்கலாம்"னு சொல்றவங்களுக்கு

1/
"போனது போவட்டும் வுடும்மா. அடுத்த வருஷமே இன்னொண்ணு பெத்துக்கலாம்."
கைக்குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் நம்ம ஊரில் முதலில் சொல்லப்படும் வாக்கியம் இது. ஆறுதல்னு நினைச்சுத்தான் சொல்றாங்க. ஆனா இது அந்தத் தாயின் வாயில் அடைக்கிற துணி. ஏன் இவ்வளவு கடுமையா சொல்றேன்னு ஒரு மருத்துவரா விளக்குறேன். நீளமான இழை. பொறுமையா படிங்க. வீட்டுப் பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

2/
நான் ஆரணிப் பக்கம் மகப்பேறு பார்க்கும் மருத்துவர். பட்டு நெசவு ஊர். சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம்னு சுத்துவட்டாரம் எங்கும் தறிச் சத்தம். பல வீடுகளில் குழித்தறி இருக்கும் அறையில்தான் சமையல், படுக்கை எல்லாம். மேலே உத்திரத்தில் பிள்ளைக்குத் தூளி. வேலையும் பிள்ளையும் ஒரே கூரைக்குக் கீழ். அதனால ஒரு குழந்தை இறந்தா, அந்தத் தாய்க்குத் தள்ளிப் போய் உக்காந்து அழ ஓர் இடம் கிடையாது. தூளி கட்டின கயிறு தலைக்கு மேலேயே இருக்கும்.

3/
முதலில் ஒரு கணக்கு. 1971ல் இந்தியாவில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 129 பேர் ஒரு வயசுக்குள் இறந்தாங்க. 2020ல் அது 28. தமிழ்நாட்டில் 13. பெருமைப்பட வேண்டிய சாதனை, சந்தேகமே இல்லை.
ஆனா தமிழ்நாட்டில் வருஷத்துக்குச் சுமார் 9 லட்சம் பிறப்பு. பெருக்கிப் பாருங்க. 11,000க்கும் மேற்பட்ட தாய்மார்கள். ஒவ்வொரு வருஷமும். இறந்தே பிறக்கும் குழந்தைகள் இந்தக் கணக்கில் சேராது.

4/
இந்த வெற்றிக்குள்ள ஒரு தனிமையும் இருக்கு. அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேர் பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்திருப்பாங்க. பக்கத்து வீட்டு ஆயாவுக்கு அந்த வலி தெரியும். இன்னைக்கு அந்தத் தெருவில் இவ ஒருத்திதான். மத்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் நல்லா இருக்கு. "எனக்கு மட்டும் ஏன்"ங்கிற கேள்வி முன்னைவிட இப்போ கூர்மையாத்தான் குத்தும்.

5/
சரி, நான் அடிக்கடி கேட்கும் முதல் பொய்க்கு வர்றேன்.
"அந்தக் காலத்துல பத்து பெத்து அஞ்சு சாவும். யாரும் இப்படி உக்காந்து அழல."
அப்படியா? உங்க தாத்தா பாட்டி பேரைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. குப்பன். குப்புசாமி. குப்பம்மா. பிச்சை. பிச்சையம்மா. மண்ணாங்கட்டி. வட ஆற்காட்டில் இந்தப் பேர் இல்லாத குடும்பம் உண்டா?

6/
இந்தப் பேரெல்லாம் ஏன் வந்தது? முன்னாடி பிறந்த குழந்தைகள் தங்காமப் போனதால். அடுத்து பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்தாங்க. பிச்சையா வாங்கின மாதிரி பாவனை பண்ணாங்க. மூக்குக் குத்தினாங்க. "இது யாருக்கும் வேணாத பிள்ளை, இதையாவது விட்டுடு"ன்னு எமனை ஏமாத்தப் பார்த்தாங்க.
பிள்ளை சாவு பழகிப்போன தாய் இப்படிச் செய்வாளா? ஒவ்வொரு குப்புசாமிக்குப் பின்னாடியும் அழுது முடிக்காத ஒரு தாய் இருக்கா. நம்ம வாக்காளர் பட்டியலே அதுக்கு சாட்சி.

7/
இதே பொய்க்கு இன்னொரு படிச்ச வடிவமும் உண்டு. "ஏழைகளுக்குப் பழகிடும்." நான்சி ஷெப்பர்-ஹியூஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர், பிரேசிலின் பஞ்சம் பிடித்த ஒரு குடிசைப் பகுதியில் வேலை செய்து 1992ல் புத்தகம் எழுதினார். அங்கே தாய்மார்கள் கைக்குழந்தை இறந்தால் அழுவதில்லை என்றார். அவர் குற்றம் சாட்டியது பசியையும் அரசையும்தான், தாயை இல்லை. ஆனா அந்தப் பாதி வரியை மட்டும் பிடிச்சுக்கிட்டவங்க உலகம் முழுக்க உண்டு.

8/
கண்ணீர் வரலைன்னா துக்கம் இல்லைன்னு அர்த்தமா? அழ நேரமில்லாதவளும், அழ அனுமதி இல்லாதவளும்கூட அழமாட்டா. நம்ம நாட்டிலேயே சத்தீஸ்கர் கிராமத்துப் பெண்களிடம் செய்த ஆய்வு 2012ல் வந்தது. பிரசவத்தை ஒட்டிக் குழந்தையை இழந்த ஏழைத் தாய்களின் துயரத்தை அளந்து பார்த்தாங்க. துயரம் இருந்தது. அதை ஏத்துவதும் இறக்குவதும் சுத்தி இருக்கிறவங்க தரும் ஆதரவும் ஊர் வழக்கமும்தான். அதாவது நீங்களும் நானும்.

9/
இப்போ உடம்புக்கு வருவோம். இதை யாரும் பேசறதில்லை, அதனால நான் பேசறேன்.
குழந்தை இறந்தது தாயின் மூளைக்குத் தெரியும். மார்புக்குத் தெரியாது.
நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் ப்ரொஜெஸ்டிரோன் சட்டுன்னு இறங்கும். ப்ரோலாக்டின் வேலையை ஆரம்பிக்கும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் பால் கட்டும். குழந்தை இருக்கா இல்லையான்னு அது கேட்காது. ஐந்தாம் மாசத்தில் கலைஞ்ச கர்ப்பத்துக்குக்கூட பால் வரலாம்.

10/
பெரும்பாலும் அடக்கம் முடிந்து வீட்டுக்கு அனுப்பின பிறகுதான் இது நடக்கும். "பால் வரும்"னு அவளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டாங்க.
பல வருஷத்தில் பார்த்த பல பேரைச் சேர்த்துச் சொல்றேன், தனி ஒருத்தரை இல்லை. பத்தாம் நாளே ராட்டையில் உக்காந்து தார் சுத்த ஆரம்பிச்சவங்க. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதா ரவிக்கை நனையுறவங்க. தறியில் இருக்கிற பட்டில் பால் கறை பட்டுடுமோன்னு மார்பில் துணியை மடிச்சுத் திணிச்சுக்கிட்டு நெய்தவங்க. "டாக்டரம்மா, இதை நிறுத்த ஏதாவது குடுங்க, எனக்கு வெக்கமா இருக்கு"ன்னு சொன்னவங்க.
வெட்கப்பட வேண்டியது அவங்க இல்லை.

11/
நம்ம ஊர்ல மல்லிகைப்பூவை மார்பில் வெச்சுக் கட்டுவாங்க. மூடநம்பிக்கைன்னு சிரிக்காதீங்க. பக்கத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதை முறையா ஆய்வு பண்ணி 1988ல் வெளியிட்டாங்க. பால் நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு மல்லிகையை ஒப்பிட்டாங்க. ஹார்மோனைக் குறைப்பதில் மாத்திரைதான் முந்தியது. ஆனா பால் கட்டும் வீக்கம், சுரப்பு, வலி மாத்திரைத் தேவை இதிலெல்லாம் இரண்டும் ஏறக்குறைய சமம். நம்ம பாட்டிகளுக்கு இந்தத் தாய்க்கு ஏதாவது செய்யணும்னு தோணியிருக்கு பாருங்க. அந்த அக்கறை இன்னைக்கு டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லை.

12/
தெரிஞ்சுக்க வேண்டியது:
• மார்பை இறுக்கிக் கட்டாதீங்க. தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை போதும்.
• குளிர்ந்த ஒத்தடம், பாரசிட்டமால்.
• ரொம்ப கனத்தா கொஞ்சமா பீய்ச்சலாம். முழுசா காலி பண்ணாதீங்க, மேலும் சுரக்கும்.
• காய்ச்சல், சிவப்பு, கட்டி இருந்தா உடனே மருத்துவரிடம் வாங்க.
• பால் நிறுத்தும் மாத்திரை உண்டு. ஆனா இரத்த அழுத்தம் இருந்தவங்களுக்கு ஆகாது. கடையில் நீங்களா வாங்காதீங்க.
சில தாய்மார்கள் அந்தப் பாலைத் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்க விரும்புவாங்க. அது அவங்க விருப்பம். கேட்டுப் பார்க்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது.

13/
இன்னொரு உடல் உண்மை. கர்ப்பத்தின்போது குழந்தையின் சில செல்கள் நஞ்சுக்கொடி தாண்டித் தாயின் இரத்தத்தில் கலக்கும். ஆண் குழந்தை பெற்ற ஒரு தாயின் இரத்தத்தில் அந்தச் செல்களை 27 வருஷம் கழித்தும் பார்த்திருக்காங்க (1996ல் வெளிவந்த ஆய்வு). "மறந்துடு"ன்னு சொல்றவங்களே, அவ மறந்தாலும் அவ உடம்புக்குள்ள அந்தக் குழந்தையின் தடம் பல வருஷம் இருக்கும். மறதியை மருந்தா எழுதிக் கொடுக்காதீங்க.

14/
இரண்டாவது பொய்: "முகத்தைப் பார்த்தா மறக்க முடியாது. காட்டாதீங்க."
நம்ம பக்கம் கைக்குழந்தையை எரிக்கிறதில்லை, புதைக்கிறோம். ஆம்பளைங்க ரெண்டு மூணு பேர் துணியில் சுத்தி எடுத்துட்டுப் போவாங்க. தலைச்சன் பிள்ளைன்னா இன்னும் ரகசியம். மந்திரவாதி மை எடுக்கத் தோண்டிடுவான்னு பயம். இடத்தைத் தாயிடம்கூட சொல்றதில்லை. தன் குழந்தை எந்த மண்ணில் கிடக்குன்னு தெரியாம நாற்பது வருஷம் வாழ்ந்த பாட்டிகள் ஆரணியில் இருக்காங்க. அவங்களைக் கேளுங்க, மறந்துட்டாங்களான்னு.

15/
இப்போ புதுசா இன்னொரு பிரச்சினை. குறைப்பிரசவக் குழந்தைக்கு மூச்சுத் திணறல்னா 108ல் திருவண்ணாமலைக்கோ அடுக்கம்பாறைக்கோ அனுப்பணும். அது சரியான மருத்துவம், அனுப்பத்தான் வேணும். ஆனா சிசேரியன் ஆன தாய் இங்கே படுத்திருப்பா. குழந்தை அங்கே. மூணாம் நாள் அங்கேயே இறந்துட்டா, பல தாய்களுக்கு உயிரோட ஒரு முறைகூட தூக்கிப் பார்த்த ஞாபகம் இருக்காது. உடம்பு நேரா சுடுகாட்டுக்குப் போயிடும். "அவ படுத்திருக்கா, சொல்ல வேணாம்"னு முடிவு எடுக்கிறது யாரு? மாமனார், சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர். தாயைத் தவிர எல்லாரும்.

16/
பார்க்கிறது நல்லதா கெட்டதா? அறிவியல் என்ன சொல்லுதுன்னு நேர்மையா சொல்றேன். 2002ல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு, இறந்த குழந்தையைக் கையில் வாங்கிய தாய்களுக்குப் பின்னாடி மனச்சோர்வு கூடுதல்னு சொன்னது. பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் பார்த்த, தூக்கிய தாய்களில் மிகப் பெரும்பாலோர் அதை நினைச்சு நிம்மதிதான் பட்டாங்க. இப்போ மருத்துவ நிலைப்பாடு இதுதான்: திணிக்காதே, தடுக்காதே. என்ன பார்க்கப் போறோம்னு முன்கூட்டி விளக்கிச் சொல்லு. முடிவைத் தாயிடம் விடு. ஒரு முறை "வேணாம்"னு சொன்னா, ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி கேளு.

17/
2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில், இறந்து பிறந்த குழந்தையின் உடலை அட்டைப் பெட்டியில் போட்டுத் தந்தையிடம் கொடுத்தாங்க. தமிழ்நாடே கொதிச்சது. பிணவறை ஊழியர் ஒருத்தர் பணியிடை நீக்கம். அதோட முடிஞ்சது.
நான் கேட்கிறேன்: அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது? "இது ஒரு குழந்தை இல்லை, ஒரு கேஸ்"ங்கிற நம்ம எல்லாருடைய நினைப்பிலிருந்து. கடைநிலை ஊழியரை நீக்கலாம். அந்த நினைப்பை யார் நீக்குவது?

18/
சக மருத்துவர்களே, செவிலியர்களே, இது நமக்கு. இதில் எதுக்கும் காசு வேணாம்.
• பிள்ளை இறந்த தாயை, பிள்ளை பெத்த தாய்கள் வார்டில் படுக்க வைக்காதீங்க. தனி அறை இல்லைன்னா ஒரு திரைச்சீலையாவது.
• கேஸ் சீட்டில் எல்லார் கண்ணுக்கும் படுற மாதிரி குறிங்க. அடுத்த ஷிப்ட்டில் வர்றவங்க "பாப்பா பால் குடிச்சுதா?"ன்னு கேட்கும் கொடுமை நடக்கக் கூடாது.
• குழந்தையைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணியில் சுத்திக் கொடுங்க.
• இலவச அமரர் ஊர்தி உண்டுன்னு சொல்லுங்க. எண் 155377. இரண்டு சக்கர வண்டியில் பையில் வெச்சு எடுத்துட்டுப் போக விடாதீங்க.

19/
மூன்றாவது பொய்: "ரொம்ப அழறா டாக்டர், தூங்க ஒரு ஊசி போடுங்க."
அழுகை நோய் இல்லை. துக்கத்தில் இருக்கிறவங்களுக்கு, மனநோய் எதுவும் இல்லாத பட்சத்தில், டயசிபாம் வகை மருந்து தரக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2013லேயே வழிகாட்டுதல் கொடுத்தாச்சு. ஊசி போட்டா அவ தூங்குவா. அவ தூங்கும்போது குழந்தையை எடுத்துட்டுப் போயிடுவாங்க. எழுந்திருக்கும்போது கை காலி. அந்த ஊசி நம்ம நிம்மதிக்குப் போடுறது. வார்டு அமைதியா இருக்கணும், சொந்தக்காரங்களுக்குச் சங்கடம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

20/
நான்காவது, எல்லாத்தையும்விட விஷமான பொய்: "அவ ராசி."
கிரகணத்தில் வெளிய வந்தா. பப்பாளி தின்னா. தறியில உக்காந்தா. ஏழாம் மாசம் துக்க வீட்டுக்குப் போனா.
பச்சிளம் குழந்தை இறப்புக்கு முக்கியக் காரணங்கள் குறைப்பிரசவமும் எடைக் குறைவும், பிறக்கும்போது மூச்சுத் திணறல், கிருமித் தொற்று, பிறவிக் குறைபாடு. இந்தப் பட்டியலில் கிரகணம் இல்லை. ராசி இல்லை. அவ தறியில் உக்காந்ததாலதான் இந்தக் குழந்தை போச்சுன்னு சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரரால் எப்படி முடியுது?

21/
இறந்தது பெண் குழந்தைன்னா பழி இன்னும் கோரமாகும். சேலம், உசிலம்பட்டிக் கதைகளும் 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்த வரலாறும் நமக்குத் தெரியும். பெண் சிசுக்கொலை நடந்தது, அதை மறைக்க வேணாம். ஆனா அதனால பெண் குழந்தையை இழந்த ஒவ்வொரு தாயையும் தெருவே சந்தேகக் கண்ணோட பார்க்கிறது எந்த நியாயம்? இவ அழுதா "நடிக்கிறா". அழலைன்னா "பார், கல்நெஞ்சம்". எந்தப் பக்கம் திரும்பினாலும் தீர்ப்பு.

22/
அரசிடம் ஒரு கேள்வி. குழந்தை இறந்தா வீட்டுக்கே வந்து விசாரிக்கணும்னு 2014ல் குழந்தை இறப்புத் தணிக்கை வழிகாட்டுதல் வந்தது. நல்ல ஏற்பாடு, அடுத்த குழந்தையைக் காப்பாத்த உதவும். எப்போ காய்ச்சல் வந்தது, எப்போ ஆஸ்பத்திரிக்குப் போனீங்க, ஏன் தாமதம்னு கேட்கிறாங்க. பதில் படிவத்தில் ஏறும். ஆனா "உன் குழந்தை இதனாலதான் இறந்தது, உன் மேல தப்பு இல்லை"ன்னு தாய்க்குத் திரும்பி வந்து சொல்றது யாரு? கேள்வி கேட்கத் தெரிந்த அமைப்புக்குப் பதில் சொல்லவும் தெரியணும். எழுத்தில் தரணும்.

23/
எழுத்தில் ஏன்? ரெண்டு காரணம். ஒண்ணு, மாமியார் வீட்டில் காட்ட. "ராசி"ங்கிற பேச்சை அந்த ஒரு தாள் நிறுத்தும். ரெண்டு, அடுத்த கர்ப்பத்துக்கு. தமிழ்நாட்டில் நாலில் ஒரு கல்யாணத்துக்கும் மேல் சொந்தத்தில்தான் நடக்குது. சில மரபணு நோய்கள் மறுபடி வர வாய்ப்பு உண்டு. காரணம் தெரிஞ்சாத்தான் மரபணு ஆலோசனை தர முடியும். "என்னவோ மூச்சு நின்னுடுச்சு"ன்னு அனுப்பினா, அடுத்ததும் அதே இருட்டில்.

24/
அழுவது எப்போ நோயாகும்? இதைச் சரியா புரிஞ்சுக்கோங்க. துக்கம் அலை மாதிரி வரும், போகும். நடுவில் ஒரு நாள் சிரிப்பும் வரும். குற்றமில்லை. மாசக்கணக்கில் அந்த அலை இறங்கவே இல்லைன்னா கவனிக்கணும். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலின்படி, ஆறு மாசத்துக்கு மேலும் வாழ்க்கையை முடக்கும் அளவுக்குத் துக்கம் நீடிச்சா அது சிகிச்சை தேவைப்படும் நிலை. அதுக்கு முன்னாடி பேரு வெச்சுப் பைத்தியம்னு முத்திரை குத்தாதீங்க. அதுக்குப் பிறகு "சரியாப் போயிடும்"னு தள்ளியும் போடாதீங்க.

25/
நம்ம பக்கத்துக் கணியம்பாடி வட்டாரத்தில், ஆரணியிலிருந்து வேலூர் போற வழிதான், செய்த ஆய்வு 2002ல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பிறகு 11 சதவீதம் பெண்களுக்குப் புதிதாக மனச்சோர்வு. இது எல்லாத் தாய்களையும் சேர்த்து. குழந்தையை இழந்தவங்களுக்கு எவ்வளவு கூடுதலா இருக்கும்னு நீங்களே யோசிங்க. உலக அளவில், இறந்து பிறந்த குழந்தைக்குப் பிறகு மனச்சோர்வு அறிகுறிகளோடு வாழும் பெண்கள் 42 லட்சம்னு லான்செட் 2016ல் மதிப்பிட்டது.
கண்டுபிடிக்க ஸ்கேன் வேணாம். எடின்பரோ கேள்வித்தாள்னு 10 கேள்வி. தமிழில் இருக்கு, நம்ம மக்களிடம் சோதிச்சும் பார்த்தாச்சு. பத்து நிமிஷ வேலை.

26/
ஆனா யார் கேட்பா? பிரசவத்துக்குப் பிறகு 3, 7, 14, 21, 28, 42ம் நாள் வீட்டுக்கு வந்து பார்க்கிற ஏற்பாடு பச்சிளம் குழந்தையை மையமா வெச்சது. எடை பார்க்க, தொப்புள் பார்க்க. குழந்தை இல்லைன்னா வர்றதுக்கான காரணமே போயிடுது. அவளுக்கும் தையல் இருக்கு, இரத்தப்போக்கு இருக்கு, இரத்த அழுத்தம் ஏறலாம், இரத்தசோகை இருக்கும். அவ இன்னும் பிரசவம் ஆன பெண்தான். கிராம சுகாதார செவிலியர் அந்த ஆறு நாளும் அந்த வீட்டுக்கும் போகணும்னு ஒரு வரி ஆணை போட்டாப் போதும்.

27/
இந்த அறிகுறிகள் இருந்தா காத்திருக்காதீங்க: தொடர்ந்து தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கலை, "நானும் அவன்கிட்டயே போயிடுறேன்"னு சொல்றாங்க, இல்லாத குழந்தையின் குரல் சொல்லுறதைச் செய்யணும்னு பேசறாங்க. தனியா விடாதீங்க. உடனே அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கு அழைச்சுட்டு வாங்க. போனில் பேச 14416, டெலி மானஸ். இலவசம், தமிழில் பேசலாம், எந்நேரமும். மனநல மருத்துவரிடம் போறது பைத்தியக்கார முத்திரை இல்லை. கால் உடைஞ்சா எலும்பு டாக்டரிடம் போறீங்க இல்ல?

28/
இப்போ அந்த முதல் வாக்கியத்துக்கு வர்றேன். "அடுத்த வருஷமே இன்னொண்ணு."
உயிரோடு குழந்தை பிறந்த பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு 24 மாசம், கருச்சிதைவுக்குப் பிறகு குறைஞ்சது 6 மாசம் இடைவெளின்னு உலக சுகாதார நிறுவனத்தின் 2005 பரிந்துரை. இழந்தவங்க சீக்கிரம் விரும்பினா மருத்துவரோட பேசி முடிவு பண்ணலாம். ஆனா விரும்ப வேண்டியது அவங்க. அவசரம் பெரும்பாலும் மத்தவங்களோடது.
அப்புறம், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு அறுவை பண்ணிக்கிட்டவங்க. ரெண்டாவது குழந்தை பிறந்த கையோடு அறுவையும் முடிஞ்சு, அந்தக் குழந்தை பத்தாம் நாள் இறந்தா? அவளிடம் போய் "அடுத்தது"ன்னு சொல்றவங்க வாயை என்ன செய்யிறது?

29/
சரி, அடுத்தது பிறந்தா? அது அடுத்த குழந்தை. பழைய குழந்தைக்குப் பதில் ஆள் இல்லை. புருஷன் செத்தவளிடம் அடக்கம் முடிஞ்ச அன்னைக்கே "வேற ஒருத்தனைக் கட்டிக்கோ, சரியாயிடும்"னு யாராவது சொல்வீங்களா? செருப்பு பறக்கும். ஏன் பிள்ளைக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை? தறியில் இழை அறுந்தா முடிச்சுப் போட்டு மேலே நெய்யலாம். பிள்ளை இழை இல்லை.

30/
நம்ம பண்பாட்டிலேயே இதுக்கு இடம் இல்லையான்னு கேட்டா, தேடினா இருக்கு. கர்ப்பத்தோட இறந்த பெண்ணுக்குச் சுமைதாங்கிக் கல் நட்டோம். இறந்து பிறந்த குழந்தையையும், உருவம் இல்லாத பிண்டத்தையும்கூட ஓர் ஆளாகக் கணக்கில் எடுத்த மறக்குடி வழக்கத்தைப் புறநானூற்றின் 74ம் பாட்டு சொல்லுது. வாளால் கீறும் அந்த வழக்கம் நமக்கு வேணாம். ஆனா அதுக்குள்ள ஒரு ஒப்புதல் இருக்கு: பிறந்தது ஓர் ஆள். இன்னைக்கு கைக்குழந்தைக்குக் கருமாதி இல்லை, படம் இல்லை, திதி இல்லை. பேர்கூட இல்லை. கணக்கிலேயே இல்லாத ஒருத்தருக்காக அவ மட்டும் எப்படி அழுவா?

31/
பேர்னதும் ஞாபகம் வருது. சட்டம் இங்கே நம்மளைவிட மேல். ஒரே ஒரு மூச்சு விட்டிருந்தாலும் அது உயிருள்ள பிறப்பு. பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதியணும். இறந்து பிறந்தாலும் தனிப் பதிவு உண்டு. 1969ம் வருஷச் சட்டம். "எதுக்குப் பதியணும், செத்த பிள்ளைக்கு"ன்னு விட்டுடாதீங்க. சில தாய்களுக்கு அந்தக் குழந்தை உலகத்தில் இருந்ததுக்கு அந்த ஒரு தாள்தான் ஆதாரம். பிறப்புப் பதிவில் பேர் சேர்க்கவும் வழி இருக்கு.

32/
விடுப்பு. 1961ம் வருஷ மகப்பேறு சலுகைச் சட்டமே "குழந்தை"ங்கிற சொல்லுக்குள் இறந்து பிறந்த குழந்தையையும் சேர்த்துத்தான் வரையறுத்தது. 2017 திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. கருச்சிதைவுக்கு 6 வாரம். செய்யாறு சிப்காட் காலணித் தொழிற்சாலைகளுக்கு கம்பெனி பஸ்ஸில் போகும் நம்ம பெண்களே, கேட்டுக்கோங்க: "குழந்தைதான் இல்லையே, வேலைக்கு வா"ன்னு யாராவது சொன்னா, அது சட்டம் இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு, குழந்தை இறந்து பிறந்தாலோ 28 நாளுக்குள் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்புன்னு 2022 செப்டம்பரில் ஆணை வந்தது.

33/
தறிக்காரிக்கு?
ஒண்ணும் இல்லை. வீட்டில் நெய்யிறவளுக்கு முதலாளி இருக்கார், ஆனா சட்டப்படி முதலாளி இல்லை. வாங்கின முன்பணம் இருக்கு. முகூர்த்த மாசம் வருது, பாவு இறக்கணும். யாரோ ஒரு பெண்ணுக்குக் கூரைப்புடவை காத்திருக்கு. புவிசார் குறியீடு வாங்கின ஆரணிப் பட்டுக்குப் பின்னாடி, பிரசவப் பச்சை உடம்போட ராட்டை சுத்தின கை இருக்கலாம். கைத்தறித் துறையும் நல வாரியமும் இதைப் பேசணும்: பிள்ளையை இழந்த நெசவாளித் தாய்க்கு, குறைஞ்சது ஆறு வாரக் கூலி இழப்பீடு. மாஸ்டர் வீவர்களே, அரசு வரும்வரை நீங்க ஒரு பாவைத் தள்ளிப் போடுங்க. புடவை காத்திருக்கும்.

34/
அப்பாவை மறக்கலை. சின்ன உடம்பைக் கையில் சுமந்துட்டுப் போனது அவன்தான். குழி தோண்டினது அவன்தான். "நீ ஆம்பள, அவளைப் பாத்துக்கோ"ன்னு சொல்லி அவன் துக்கத்தையும் புதைச்சுடுறோம். அப்புறம் ஆறு மாசத்தில் அவன் குடிக்கிறான்னு திட்டுறோம். ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சுப் பேசுங்க.

35/
சொல்லாதீங்க: "இன்னொண்ணு பெத்துக்கலாம்." "சின்ன குழந்தைதானே, வளர்ந்து போயிருந்தா இன்னும் கஷ்டம்." "கடவுள் எடுத்துக்கிட்டார்." "மூத்தது இருக்கே." "அழுதா வயிறு கெட்டுடும்."
செய்யுங்க: ரெண்டு வேளை சாதம் வடிச்சுக் கொடுத்து அனுப்புங்க. மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுட்டு வாங்க. தூளிக் கயிறு, குழந்தைத் துணி, கிலுகிலுப்பை எதையும் அவளைக் கேட்காம எடுக்காதீங்க. பேச ஒண்ணும் தோணலைன்னா பேசாம பக்கத்தில் உக்காருங்க. நாற்பதாம் நாளும் போங்க, முதல் வருஷ நாளும் போங்க. அன்னைக்கு யாரும் வரமாட்டாங்க.

36/
முடிவா, சுருக்கமா.
மருத்துவமனை: தாயிடம் கேள், காட்டு, காரணத்தை எழுதிக் கொடு, பால் வரும்னு சொல்லி அனுப்பு.
அரசு: ஆறு வீட்டு வருகை, பத்துக் கேள்வி, தறிக்காரிக்குக் கூலி.
குடும்பம்: பழி போடாதே, அவசரப்படுத்தாதே, புதைத்த இடத்தைச் சொல்.
ஊர்: ஒரே ஒரு கேள்வி பழகு. "குழந்தைக்கு என்ன பேர் வெக்கணும்னு நினைச்சிருந்தீங்க?" கேட்டுப் பாருங்க. அவ அழுவா. அழட்டும். அந்தப் பேரை அவ வாயால் சொல்ல விட்ட முதல் ஆள் நீங்களா இருப்பீங்க.